பூர்வீகத்தைத் தேடிச் சேலத்துக்கு வருவதில் பொருள் உண்டா?

கேள்வி: நான் மலேசியாவில் பிறந்த நான்காம் தலைமுறைத் தமிழன். கொள்ளுத்தாத்தா சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவர் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். அங்கே வந்து தேடினால் ஊர் கிடைக்குமா? கிடைத்தாலும் எங்களை வெளிநாட்டுக்காரர்களாகத்தானே பார்ப்பீர்கள்?

வாருங்கள் என்பதே என் பதில். ஊர் கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. எதைத் தேட வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்ல முடியும். நான் சேலம் சூரமங்கலத்தில் வசிக்கிறேன். என் தாத்தாவின் தம்பி 1937-இல் ஒரு கங்காணியுடன் (தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போனவர்) நாகப்பட்டினம் போய்க் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே, 1938-இல், இந்திய அரசு கூலியாட்களை அப்படி அழைத்துப் போவதற்குத் தடை விதித்துவிட்டது. போனவர் திரும்பவில்லை. வான் அஞ்சல் கடிதங்கள் 1974 வரை வந்தன; பிறகு நின்றன. அவருடைய பேரன், எனக்குத் தம்பி முறை, 2023 ஆவணி மாதத்தில் ஈப்போவிலிருந்து எங்களைத் தேடி வந்தான்.

முதலில் ஒரு நடைமுறைச் செய்தி. உங்கள் குடும்பத்தாரிடம் இருக்கும் பழைய தாளில் 'சேலம் ஜில்லா' என்று எழுதியிருந்தால், அது இன்றைய சேலம் மாவட்டத்தைத்தான் குறிக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். தருமபுரி 1965 வரை சேலத்தோடு சேர்ந்திருந்தது. இன்றைய கிருஷ்ணகிரி 2004-இல் அந்தத் தருமபுரியிலிருந்துதான் பிரிந்தது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே ஓசூர்ப் பக்கத்தில் பிறந்தவரும் ராசிபுரத்தில் பிறந்தவரும் திருச்செங்கோட்டில் பிறந்தவரும் அன்றைய கணக்கில் சேலம் ஜில்லாக்காரர்களே. தாலுகாவின் பெயர் தெரியாமல் ஊரின் பெயரை மட்டும் வைத்துத் தேடுவதும் பயன் தராது, ஏனெனில் ஒரே பெயரில் நான்கைந்து ஊர்கள் இருக்கும். தாத்தா, பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை, தோட்டத்துப் பதிவு, இறப்புச் சான்று, ஊரிலிருந்து வந்த கடிதத்தின் முத்திரை என எது கிடைத்தாலும் தாலுகா இருக்கிறதா என்று பாருங்கள். தாது வருடப் பஞ்சம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் 1876-78 பஞ்சத்துக்குப் பின் போன குடும்பம் என்றால் தாள் எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

என் தம்பியிடம் தாள் இருந்தது. 'சேலம் ஜில்லா, ஓமலூர் தாலுகா' என்று அதில் எழுதியிருந்தது. ஊரின் பெயரும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் இன்று ஊரே இல்லை. அவனுடைய தாத்தா கடைசிக் காலத்தில், "எங்க ஊர் தண்ணிக்குள்ள இருக்கு" என்று அடிக்கடி சொல்வாராம். முதுமையில் நினைவு தடுமாறிப் பேசுகிறார் என்றே பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். அவர் சொன்னது முழு உண்மை. மேட்டூர் அணை 1925-இல் கட்டத் தொடங்கி 1934-இல் முடிந்தபோது, காவிரிக் கரையிலிருந்த பல ஊர்கள் நீர்த்தேக்கத்துக்குள் போயின. எங்கள் குடும்பத்தின் ஊரும் அவற்றுள் ஒன்று. மேட்டு நிலத்துக்குக் குடியேறிய பெரியவர்கள், கிடைத்த ஈட்டுத்தொகையில் மூத்தவருக்கு மட்டும் நிலம் வாங்க முடிந்ததால், இளையவரைக் கங்காணியோடு அனுப்பி வைத்தார்கள். எங்கள் தாத்தா நிலத்தோடு இங்கே இருக்கவும், அவர் தம்பி பால்மரக் காட்டுக்குப் போகவும் காரணம் அந்த ஒரு கணக்குதான். இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. தம்பி வந்து உட்கார்ந்து கேட்ட பிறகுதான் என் அம்மா சொன்னார்.

அவன் எங்களை எப்படிக் கண்டுபிடித்தான் என்பது உங்களுக்கு மிகவும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சேலத்தில் தங்கியிருந்த இரண்டு நாளும் ஊரின் பெயரைச் சொல்லியே விசாரித்திருக்கிறான், ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் மேட்டூருக்குப் போய், அணையால் இடம்பெயர்ந்தவர்கள் குடியேறிய ஊர்களில் குலதெய்வத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். "முனீஸ்வரர்" என்று அவன் சொல்ல, அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்று மூன்று இடங்களில் கூறியிருக்கிறார்கள். ஒரு டீக்கடையில் இருந்த முதியவர்தான், "முனியப்பனா?" என்று திருப்பிக் கேட்டார். சேலம் வட்டாரத்தில் அவர் முனியப்பன். மலேசியத் தோட்டங்களில், எல்லா ஜில்லாக்காரர்களும் ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த இடத்தில், முனியப்பனும் முனியாண்டியும் முனியசாமியும் சேர்ந்து முனீஸ்வரர் ஆகிவிட்டார்கள். அந்தப் பெயர் மாற்றம் ஒன்றுதான் அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தடை. அடுத்த ஒரு மணி நேரத்தில் பூசாரி எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

எனவே வரும் முன் வீட்டிலிருக்கும் மூத்த பெண்களிடம் கேளுங்கள். முதல் மொட்டை எந்தச் சாமிக்கு அடித்தார்கள், கிடா வெட்டுவார்களா, பொங்கல் மட்டுமா, எந்த மாதத்தில் படையல், சாமிக்குச் சுருட்டு வைப்பார்களா, காது குத்தும்போது யார் பெயரைச் சொல்லி வேண்டுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை மறந்தவர்களும் படையலை மறப்பதில்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களை வாருங்கள் என்று அழைப்பது நேர்மையாகாது. இங்கே குலதெய்வத்தைச் சொன்னதும் அடுத்த கேள்வி சாதியைப் பற்றியதாக இருக்கும். நேராகக் கேட்காதவர்கள் தெருவைக் கேட்பார்கள். மலாயாவுக்குப் போனவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பலருக்குக் கப்பல் ஏறியது பிழைப்புக்காக மட்டும் நடந்ததல்ல, ஊரின் இழிவிலிருந்து தப்பிப்பதற்காகவும் நடந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா ஊரைப் பற்றி வாய் திறக்காமலே இறந்திருந்தால், அந்த மௌனத்துக்கு அப்படியொரு காரணம் இருக்கலாம். தேடுவதற்கு முன் இதற்கும் மனத்தை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். சாதியைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேட்பவர் பெரியவர் என்பதற்காகவும் பணிந்துவிட வேண்டாம்.

இனி, எங்கள் பார்வையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், முதலில் வெளிநாட்டுக்காரராகத்தான் பார்ப்பார்கள். விடுதியில் வெளிநாட்டவர்க்குரிய படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கும். அது சட்டம், அதில் வருந்த ஒன்றுமில்லை. வருந்த வேண்டியது வேறு. என் தம்பி ஒரு கடையில் சேலை விலை கேட்டபோது, அவன் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு விலை சொன்னார்கள். அதே சேலைக்குச் சற்று நேரம் கழித்துப் போன என்னிடம் வேறு விலை சொன்னார்கள். "பரவாயில்லையே, தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே" என்று அவனைப் பாராட்டியவர்களைக் கணக்கிட்டால் இருபது பேராவது இருப்பார்கள். அந்தப் பாராட்டு ஒவ்வொரு முறையும் அவன் முகத்தை வாடச் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். தன் தாய்மொழியைப் பேசியதற்காக ஒருவனைப் பாராட்டுவது, நீ இதற்கு உரியவன் அல்லன் என்று சொல்வதுதான். எங்கள் மக்கள் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. இருந்தாலும் செய்கிறார்கள், நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உண்மை நிலையோ நேர்மாறானது. பினாங்கில் 1816-இல் தொடங்கிய தமிழ்க் கல்வி மலேசியாவில் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது. அப்படியொரு பள்ளியில் ஆறாண்டு படித்த என் தம்பி, எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த அவனுடைய தாத்தாவின் கடிதங்களைத் தடையின்றி உரக்கப் படித்தான். சேலத்திலேயே பிறந்து ஆங்கில வழியில் படித்த என் மகன் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனால் அந்தக் கையெழுத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. காலையில் தம்பி என் அம்மாவிடம், "பெரியம்மா, பசியாறியாச்சா?" என்று கேட்டான். அம்மா சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. தன் மாமியார் போன பிறகு அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை என்றார். நாங்கள் எல்லோரும் "டிபன் ஆச்சா" என்று கேட்கப் பழகி வெகுகாலமாகிறது.

பூர்வீகம் என்ற சொல்லை நாங்கள் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தத் தகுதியுள்ளவர்களா என்றுகூட எனக்கு ஐயம் உண்டு. சேலத்தில் தலைமுறை தலைமுறையாக நெசவு செய்துவரும் சௌராஷ்டிரர்கள் வீட்டுக்குள் இன்றும் சௌராஷ்டிர மொழி பேசுகிறார்கள்; தேவாங்கர்கள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர், மலையை ஆள்பவர்கள் என்று அவர்கள் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகக் கதை சொல்கிறார்கள். அவர்களில் யாரையும் நாம் ஊருக்குப் புதியவர்கள் என்று கேள்வி கேட்பதில்லை. வந்தவர்களை ஏற்கத் தெரிந்த ஊருக்கு, போனவர்களை ஏற்பது கடினமாக இருக்கலாகாது. கடலைத் தாண்டிப் போனது திரும்பி வந்து சேர்வதும் உண்டு. ஏத்தாப்பூர் அருகில் முத்துமலையில் 2022 ஏப்ரலில் குடமுழுக்குக் கண்ட 146 அடி முருகனைச் செய்த திருவாரூர்ச் சிற்பிதான், மலேசியாவின் பத்துமலையில் 2006-இல் திறக்கப்பட்ட 140 அடி முருகனையும் செய்தவர். தம்பியை அங்கே அழைத்துச் சென்றபோது, எங்கள் முருகன் இங்கே வந்துவிட்டார் என்று அவன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

சட்டத்தின் கண்ணில் உரிமை பெற விரும்பினால் ஓ.சி.ஐ. அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) விண்ணப்பிக்கலாம், இந்தியாவிலிருந்து போனவரின் கொள்ளுப்பேரருக்கும் அதில் இடமுண்டு. அதற்கு வம்சாவளிக்கான சான்றுகள் வேண்டும். ஊரின் கண்ணில் உரிமை பெறுவது வேறு வழியில் நடக்கிறது.

அந்த ஆவணியில் அணை நீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து பார்த்தபோது, மூழ்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரிந்தது. எங்கள் ஊர் அதற்கு அப்பால், இன்னும் நீருக்குள்தான் இருந்தது. பெரியப்பா கையை நீட்டி இடத்தைக் காட்டினார். ஊரைக் காலி செய்த நாளில் பங்காளிகள் ஆளுக்கொரு பிடி மண் எடுத்தார்கள் என்றும், மேட்டில் கட்டிய முனியப்பன் கோயில் அந்தப் பிடிமண்ணின் மேல் எழுந்தது என்றும் அவர் சொன்னார். அப்போது தம்பி, தங்கள் தோட்டத்துக் கோயிலில் கல்லுக்கு அடியில் 'ஊர் மண்' இருப்பதாகத் தாத்தா சொன்னதை நினைவுகூர்ந்தான். தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் எழுந்தபோது, அந்தக் கல்லையும் மண்ணையும் பெயர்த்துச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்து வைத்து இன்றும் வழிபடுகிறார்களாம். நாங்கள் மூலக்கோயில் என்றும் அவர்கள் கிளை என்றும் அதுவரை நான் எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே நாளில் எடுத்த மண். இரண்டுக்கும் தாய் தண்ணீருக்குள் இருக்கிறாள்.

தம்பியும் கரையில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான். அனுமதியில்லாமல் மண்ணை மலேசியாவுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், அதை முனியப்பன் காலடியில் வைத்துவிட்டுத் திருநீறு மட்டும் எடுத்துக்கொண்டான். கோயிலுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுக்க விரும்பினான். நிர்வாகத்தில் இருந்தவர் அவனைச் சார் என்று அழைத்து, நன்கொடை ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பெரியப்பா அதைத் தடுத்தார். நன்கொடை யார் வேண்டுமானாலும் தரலாம், இவன் பங்காளி, தலைக்கட்டு வரி நோட்டை எடு என்றார். தலைக்கட்டு வரி என்பது ஊரைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்குத் தரும் பங்கு. அங்கே சிறு வாக்குவாதம் நடந்தது. நேரில் இல்லாத குடும்பத்துக்கு எப்படித் தலைக்கட்டு எழுதுவது என்று கேட்டார்கள். மண்ணெடுத்த நாளில் இருந்த குடும்பம், நடுவில் 86 ஆண்டு ஊரில் இல்லை, அவ்வளவுதான் என்றார் பெரியப்பா. கடைசியில் எங்கள் தாத்தாவின் வரிசைக்குக் கீழே அவர் தம்பியின் பெயரும், அதன் கீழ் மகன் பெயரும், பேரன் பெயரும் எழுதப்பட்டன. வரி எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள அதே 500 ரூபாய். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எழுதி முடித்தவர் நிமிர்ந்து, "சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார். அதன் பிறகு அவனை யாரும் சார் என்று அழைக்கவில்லை.

அடுத்த ஆண்டு திருவிழா நெருங்கியபோது, உங்கள் குடும்ப வரி இன்னும் வந்து சேரவில்லை என்று கோயிலிலிருந்து ஈப்போவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போயிருக்கிறது. தம்பி அதை அப்படியே எனக்கு அனுப்பி, "அக்கா, என்னிடமும் வரி கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தான்.