கூட்டம் எங்கே நடக்கிறது? (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

காரிமங்கலம் பக்கம் டூவீலர் மெக்கானிக் நான். வயது 38. பதினாறு வருடக் குடி. போன வருடம் ஒரு மையத்தில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். ஐந்து மாதம் தொடவில்லை. ஆடியில் மச்சான் வீட்டுக் கெடா விருந்தில் ஒரு கட்டிங்கில் ஆரம்பித்தது, இப்போது பழையபடி தினம் இரண்டு குவார்ட்டர். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டம் இருக்கிறதாமே? தர்மபுரியில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எங்கே நடக்கிறது? அது மதம் மாற்றும் வேலை என்கிறான் நண்பன். போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

கூட்டத்துக்கு முன்னால் ஒரு விஷயம். தினம் இரண்டு குவார்ட்டர் போகிற உடம்பு. நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று வீட்டில் படுத்துக்கொள்ளாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி பக்கமென்றால் அங்கேயும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் எந்த ஊரில் எந்தக் கிழமை கூட்டம் என்பதையும் அங்கேயே கேளுங்கள். இந்த விஷயம் டீக்கடையில் தெரிந்திருக்காது, இவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும், போதை மீட்புக்கென்றே இருக்கும் 14446 எண்ணும் இலவசம்.

ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமாவை அப்படித்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். கேட்டில் பூட்டு. "அது போன மாசமே வேற இடத்துக்குப் போயிடுச்சே" என்றார் வாட்ச்மேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி நிறையக் குடித்தார். அவர் மனதைத் திரட்டிக் கிளம்பியது அந்த ஒரு சாயங்காலம், அதை நான் வீணாக்கிவிட்டேன். அடுத்த வாரம் முதலில் போன் போட்டேன். எடுத்தவர், "பஸ் ஸ்டாண்டுல டைம் ஆபீஸ் பக்கம் நில்லுங்க, நானே வர்றேன்" என்று டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்து நின்றார்.

மூன்றாம் வகுப்பு அறை. குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்கப் பதினோரு பேர். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு, பேப்பர் கப்பில் டீ. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். போனஸ் வாங்கிய நாளில் கடையைத் தாண்டி வீட்டுக்கு நடந்ததைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. மாமா மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நான்காவது வாரம் எழுந்து, "நானும் அதேதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்த ஏ.ஏ. ஆரம்பித்ததே இப்படி ஒரு தேடலில்தான். 1935 மே மாதம். அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊருக்கு வியாபார வேலையாக வந்த பில் என்பவருக்குக் காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, உங்கள் கணக்கேதான். தங்கிய ஓட்டலில் பார் இருந்தது, உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு குடிகாரனிடம் பேசினால்தான் தப்பிப்போம் என்று தோன்ற, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டு விசாரித்தார். கடைசியில் பாப் என்ற அறுவைசிகிச்சை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். கால் மணி நேரம் என்று உட்கார வந்த டாக்டர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். சில வாரம் கழித்து அந்த டாக்டர் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். உங்கள் கெடா விருந்து மாதிரிதான். திரும்பி வந்து ஜூன் 10 அன்று கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

இரண்டு மூன்று பேர் கூடினாலே கூட்டம் என்பது அவர்கள் வழக்கம். கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும்.

மதம்? கடவுள் என்ற சொல் அங்கே வரும், அவரவர் புரிந்துகொண்டபடி என்ற சேர்மானத்தோடு. மாமாவுக்கு அது முனியப்பன். சர்ச் இடங்களில் பல கூட்டங்கள் நடப்பதால் உங்கள் நண்பருக்கு அப்படித் தோன்றியிருக்கும்.

ஊருக்குத் தெரியுமா என்றால், நீங்கள் குடிப்பது ஏற்கெனவே தெரியும்! கூட்டத்தில் பார்த்த முகத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே கறாரான பழக்கம். அப்படியும் கூச்சமாக இருந்தால் சேலம், ஓசூர் பக்கம் கூட்டம் இருக்கிறதா விசாரித்து, பஸ் ஏறிவிடுங்கள். போனில் ஜூம் வழியாகவும் தமிழில் கூட்டங்கள் நடக்கின்றன.

அப்புறம், உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, விசாரிக்கும்போது அதையும் கேட்டு வையுங்கள். சுவர் விளம்பரம் பார்த்து யாராவது 'தெரியாமல் சோற்றில் கலந்து கொடு' என்று பொடி வாங்கித் தந்தால் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். குடியை வெறுக்கவைக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து உள்ளே இருக்க, அது தெரியாமல் ஒருவன் குடித்தால் நெஞ்சு படபடத்து உயிரே போகலாம். மருத்துவர் சொல்லி, உங்களுக்குத் தெரிந்து, நீங்களே எடுத்துக்கொள்ளவேண்டிய மாத்திரை அது.

போன் போட்டுவிட்டு எழுதுங்கள்.