கடற்பாசி படித்தவர் இம்யூனாலஜிக்குப் போகலாமா?

கேள்வி: தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்பாசிகளில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப் போகிறேன். அடுத்து நோயெதிர்ப்பியல் ஆய்வகம் ஒன்றில் சேர ஆசை. பழுப்புப் பாசிச் சாறு மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டி டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்க வைக்கிறது என்று ஒரு முடிவு கையில் இருக்கிறது. அதைக் காட்டி வாய்ப்புக் கேட்கலாமா? இத்தனை வருடப் பாசியியல் வீண்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீண் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நீங்கள் சேர விரும்பும் ஆய்வகத்தின் ஃபிரிட்ஜைத் திறந்தாலே உங்கள் பாசி இருக்கும். செல்களை ஒளிரும் சாயங்களால் இனம் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு வாங்கும் ஆன்டிபாடிக் (எதிர்ப்புரதக்) குப்பிகளில் ‘பி.இ.’ என்று போட்டிருப்பது ஃபைக்கோஎரித்ரின். சிவப்புப் பாசி ஒளியைப் பிடிக்க வைத்திருக்கும் புரதம். இத்தகைய புரதங்களை ஆராய்ந்துவந்த அலெக்ஸாண்டர் கிளேசர், வெர்னன் ஓய், லூபர்ட் ஸ்ட்ரையர் ஆகியோருடன் சேர்ந்து 1982-இல் அவற்றை ஆன்டிபாடிகளில் ஒட்டும் சாயமாக்கிக் காட்டினார். ஃபைக்கோஎரித்ரினின் மூலக்கூறு எடை சுமார் 2,40,000 டால்டன். அது ஒட்டியிருக்கும் ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடியே ஏறத்தாழ 1,50,000தான். பல துணை அலகுகள் சேர்ந்த புரதம் என்பதால், உறைய வைத்தால் குலைந்துவிடும். 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். காரணம் தெரியாமல் இந்த விதியை மனப்பாடம் செய்பவர்கள் நடுவே, உங்களுக்குக் காரணமும் தெரியும்.

இனி அந்த டி.என்.எஃப். முடிவு. அதை இப்போதே யாரிடமும் காட்ட வேண்டாம். கடலிலிருந்து எடுத்த பாசியின் மேல் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா அப்பியிருக்கும். எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. அவற்றின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் இருந்தாலே மேக்ரோஃபேஜ் விழித்துக்கொள்ளும். சாற்றைக் கொதிக்க வைத்தாலும் ஆட்டோகிளேவ் செய்தாலும் அது அழியாது. கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டால்தான் போகும். ‘செல்லைத் தூண்டியது பாசியா, எண்டோடாக்சினா?’ – நேர்முகத்தில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே எண்டோடாக்சினை அளந்துகொள்ளுங்கள். அதற்கு வழக்கமாகச் செய்யும், குதிரைலாட நண்டின் இரத்தச் செல் சாற்றைப் பயன்படுத்தும் எல்.ஏ.எல். சோதனை உங்களை ஏமாற்றக்கூடும். பழுப்புப் பாசியில் உள்ள லாமினரின், பீட்டா-குளுக்கன் என்ற வகைச் சர்க்கரைச் சங்கிலி. எண்டோடாக்சினே இல்லாவிட்டாலும் அது சோதனையை ‘உண்டு’ என்று சொல்ல வைக்கும். பீட்டா-குளுக்கனைத் தடுக்கும் பஃபருடன் செய்யுங்கள், அல்லது பீட்டா-குளுக்கனுக்கு மசியாத ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி கிட் வாங்குங்கள். எதிர்ப்பக்கமாகவும் தவறு நடக்கும்: சாற்றில் உள்ள சல்ஃபேட் கொண்ட பாலிசாக்கரைடுகள் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) சோதனையையே அமுக்கலாம். அளவு தெரிந்த எண்டோடாக்சினைச் சாற்றில் சேர்த்து அளந்து பாருங்கள். சேர்த்ததில் 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

அடுத்து, எண்டோடாக்சினை நீக்கிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். டிரைட்டான் எக்ஸ்-114 என்ற டிடர்ஜென்ட்டைச் சுமார் 2 சதவீதம் சேர்த்து 4 டிகிரியில் கலக்கி, 37 டிகிரிக்குச் சூடாக்கி, அதே வெதுவெதுப்பில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் டிடர்ஜென்ட் அடியில் இறங்கும். எண்டோடாக்சினில் பெரும்பகுதி அதோடு போகும். மேல் நீரை மட்டும் எடுத்து இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். மிஞ்சும் டிடர்ஜென்ட் செல்லைக் கொல்லும், ஆகவே வெறும் பஃபரையும் இதே வழியில் கொண்டுபோய்க் கன்ட்ரோலாக வையுங்கள். எண்டோடாக்சினை உணரும் டி.எல்.ஆர்4 ஏற்பி பழுதான சி3எச்/ஹெச்இஜே எலியின் செல்களில் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சில பாசிப் பாலிசாக்கரைடுகளும் அதே ஏற்பியைத் தொடுவதாகச் சொல்லப்படுகிறது.

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சாயத்தால் பார்க்கும் எம்.டி.டி. சோதனையிலும் கவனம் வேண்டும். பாசிப் பாலிஃபீனால்கள் செல் இல்லாமலே அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். செல் போடாத குழிகளில் சாறும் எம்.டி.டி.யும் மட்டும் விட்டு ஒரு வரிசை வையுங்கள்.

செல் வளர்ப்பு கைக்குப் பழக ஓரிரு மாதம் ஆகும். 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 10 சதவீத சீரம் கலந்த மீடியா என்பதெல்லாம் எளிது. சிக்கல், செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாதான். மீடியா கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்களின் அளவை மட்டும் மாற்றிவிடும். மாதம் ஒருமுறை பி.சி.ஆர். செய்து பார்த்துவிடுங்கள்.

எண்டோடாக்சினை நீக்கிய பிறகும் உங்கள் முடிவு நின்றால், வாய்ப்புக் கேட்டு எழுதும் மெயிலில் நீக்குவதற்கு முன், நீக்கிய பின் என்று இரண்டு டி.என்.எஃப். அளவுகளையும் ஒரே படத்தில் வைத்து அனுப்புங்கள். நிற்காவிட்டாலும் அந்தப் படத்தையே அனுப்பலாம். நல்ல ஆய்வகத் தலைவர் அதை மதிப்பார்.