கேள்வி – பதில்: செல்லுக்குள் கால்சியம்

கேள்வி: கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் செல்லுக்குள்ளும் கால்சியம் ஏறுமா?

பதில்: ஏறாது. இரத்தத்தில் தனி அயனியாகத் திரியும் கால்சியம் ஏறத்தாழ 1.2 மில்லிமோலார். ஓய்வாக இருக்கும் செல்லின் சைட்டோபிளாசத்திலோ 100 நானோமோலார்தான். 12,000இல் ஒரு பங்கு. சவ்விலும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலும் (செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் உறுப்பு) உள்ள பம்புகள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து ஓயாமல் அள்ளிக் கொட்டுவதால் இந்த மட்டம் நிற்கிறது. அதனால்தான் சவ்விலுள்ள ஒரு சேனல் (அயனி நுழையும் வாசல்) சில மில்லிவினாடி திறந்தாலே அதன் வாயருகே அளவு பல மடங்கு எகிறுகிறது. செல் படிப்பது அந்த எகிறலைத்தான்.

கேள்வி: ஹெச்இகே செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் சிறுநீரகச் செல் வகை) கால்சியத்தைக் காட்டும் ஒளிர்சாயமான ஃபியூரா-2 ஏஎம் 5 மைக்ரோமோலார், 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஏற்றுகிறேன். சில டிஷ்களில் செல் புள்ளி புள்ளியாக ஒளிர்கிறது. சிலவற்றில் 340/380 விகிதம் (340, 380 நானோமீட்டர் ஒளியில் கிடைக்கும் ஒளிர்வுகளின் விகிதம்; கால்சியம் கூடினால் ஏறும்) தொடக்கத்திலிருந்தே சரிகிறது. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் பம்பை அடைத்து அதன் சேமிப்பைக் காலியாக்கும் தாப்சிகார்ஜின் கொடுத்தபின் கால்சியம் சேர்த்தால் ஏற்றமும் ஒரே மாதிரி வருவதில்லை.

பதில்: மூன்றும் வெவ்வேறு கோளாறு.

புள்ளிகள், உறுப்புகளுக்குள் மாட்டிக்கொண்ட சாயம். சாயம் சவ்வைக் கடக்க உதவும் ஏஎம் வாலை வெட்டும் எஸ்டரேஸ் என்ற நொதி அங்கேயும் உண்டு. சூடும் நேரமும் கூடினால் அங்கே போய்த் தேங்கும். 50 மைக்ரோகிராம் குப்பியில் 50 மைக்ரோலிட்டர் ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ கரைப்பான் விட்டால் சுமார் 1 மில்லிமோலார். அதில் 2 மைக்ரோலிட்டரையும் சாயம் நீரில் பரவ உதவும் 20 சதவீத ப்ளூரானிக் எஃப்-127இல் 1 மைக்ரோலிட்டரையும் முதலில் கலந்து, பிறகு 1 மில்லி கரைசலில் விடுங்கள். அறை வெப்பத்தில் 30 நிமிடம், இரண்டு முறை கழுவி, இருட்டில் இன்னும் 20 நிமிடம். இந்தக் கடைசி 20 நிமிடத்தை விட்டால், வால் முழுதும் வெட்டுப்படாத, கால்சியத்தை உணராத சாயமும் சேர்ந்து ஒளிரும்.

சரிவுக்கு விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். 340, 380 இரண்டையும் தனித்தனியே பாருங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் சாயம் கசிகிறது, அல்லது ஒளியில் வெளுக்கிறது. கசிவுக்கு, சாயம் வெளியேறுவதைத் தடுக்கும் புரோபெனிசிட் 1 மில்லிமோலார் போடலாம். அது காரத்தில்தான் கரையும், பிறகு பிஎச்சை 7.4க்குத் திருப்ப வேண்டும். வெளுப்புக்கு 4 விநாடிக்கு ஒரு படம் போதும். இரண்டும் சம வீதத்தில் இறங்கினால் விகிதம் அசையக் கூடாது. அசைகிறது என்றால் பின்னணியைக் கழிக்கவில்லை: சாயம் குறையக் குறைய வெற்றுக் கண்ணாடியின் பங்கு கூடி, விகிதத்தை இழுத்துக்கொண்டு போகிறது. செல் இல்லாத ஓர் இடத்தைக் குறித்து, ஒவ்வொரு அலைநீளத்திலும் தனியாகக் கழியுங்கள்.

ஏற்றம் மாறுவதற்குப் பெரும்பாலும் கரைசலே காரணம். கால்சியம் போடாமல் விட்டால் மட்டும் கால்சியம் இல்லாத கரைசல் ஆகிவிடாது. லண்டன் குழாய்த் தண்ணீரில் செய்த உப்புக்கரைசலில் துடித்த தவளை இதயம் வடிநீரில் செய்ததில் நின்றுபோனதை வைத்து, 1883இல் சிட்னி ரிங்கர் கால்சியத்தைப் பிடித்தார். நம் உப்புகளிலும் அது ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆகவே, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இஜிடிஏ 1 மில்லிமோலார் போடுங்கள். அதற்குள் தாப்சிகார்ஜின் 1 மைக்ரோமோலார், 10 நிமிடம். முதல் மேடு எழுந்து அடங்கிய பிறகு கரைசலை முழுக்க மாற்றி 2 மில்லிமோலார் கால்சியம். பழைய கரைசலிலேயே கால்சியத்தைச் சொட்டினால் இஜிடிஏ பாதியைப் பிடித்துக்கொள்ளும், கூடவே புரோட்டானை விட்டு அமிலமாக்கும். பிஎச்சை நிலைநிறுத்த பாஸ்பேட் கரைசல் வேண்டாம், ஹெபெஸ் பஃபர் போதும். இன்னொன்று: தாப்சிகார்ஜின் குழாயில் எண்ணெய்போல் ஒட்டும், அதன் பிடியும் விடாது. கண்ட்ரோல் டிஷ்ஷை முதலில் ஓட்டுங்கள். பிறகு குழாயை எத்தனால் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: கால்சியம் சேர்த்ததும் வரும் அந்த இரண்டாவது ஏற்றத்தை ‘ஓராய் சேனல்’ (உள் சேமிப்பு காலியானால் திறக்கும் சவ்வுச் சேனல்) என்றே எழுதலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து எழுத முடியாது. விகிதம் காட்டுவது உள்ளே வந்ததற்கும் பம்பு வெளியே தள்ளியதற்கும் உள்ள மிச்சம். சேனல் மாறாமலே பம்பு சோர்ந்தால் கோடு ஏறும். சவ்வின் மின்னழுத்தம் குறைந்தால் இறங்கும். ஓராய் சேனலை அடைக்கும் கடோலினியம் அயனி சில மைக்ரோமோலார் போட்டால் ஏற்றத்தை நிறுத்துகிறதா என்று பாருங்கள். இஜிடிஏ இருக்கும் கரைசலில் போட்டால் அது கடோலினியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஓராய்1 மரபணுவை அடக்கிய செல்லில் ஏற்றம் போக வேண்டும், மீண்டும் கொடுத்தால் திரும்ப வேண்டும். சேனலின் கையெழுத்து வேண்டுமென்றால், சவ்வின் மின்னோட்டத்தை நேரடியாக அளக்கும் பேட்ச் கிளாம்ப்தான்: பிப்பெட்டில் 10 மில்லிமோலார் பாப்டா (இதுவும் கால்சியத்தைப் பிடிப்பது), வெளியே 10 அல்லது 20 மில்லிமோலார் கால்சியம், மைனஸ் 100 மில்லிவோல்ட்டில் உள்நோக்கி வளைந்து விழும் மின்னோட்டம். சாதாரண ஹெச்இகே செல்லில் அது இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சிறியது. சேமிப்பு காலியானதை உணர்ந்து ஓராயைத் திறக்கும் புரதமான ஸ்டிம்1, ஓராய்1 இரண்டையும் சேர்த்து மிகையாக ஏற்றிய செல்லில்தான் தெளிவாகத் தெரியும்.