பதினாறாம் சேனலில் பேசும் முறை

கேள்வி: என் அண்ணனின் விசைப்படகில் வி.எச்.எஃப். வயர்லெஸ் இருக்கிறது. 16ஆம் சேனலில் மீன் விலையும் வீட்டுக் கதையும் பேசாதீர்கள் என்றால், ‘நடுக்கடலில் யார் கேட்கப் போகிறார்கள்?’ என்கிறார். கைப்பேசி வந்துவிட்ட காலத்தில் இந்த முறைகளெல்லாம் தேவையா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: எல்லோரும் கேட்கிறார்கள் என்பதே உங்கள் அண்ணனுக்கான விடை. 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 16ஆம் சேனல், ஆபத்தில் உதவி கோரவும் பிற படகுகளை முதலில் அழைக்கவும் உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. கைப்பேசியில் ஒருவரைத்தான் அழைக்க முடியும். கரையை விட்டுச் சில மைல் போனால் சிக்னலும் இராது. வயர்லெஸ் குரலோ சுற்றியுள்ள எல்லாப் படகுகளுக்கும் ஒருசேரப் போகிறது. பெரும்பாலும் முதலில் வந்து காப்பாற்றக்கூடியது பக்கத்துப் படகுதான்.

ஆனால் அந்தப் பொதுவழியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மைக்கின் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை உங்கள் கருவி எதையும் கேட்காது. ‘ஓவர்’ என்று சொல்லிக் கையை எடுப்பது அதற்காகத்தான். இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. பண்பலை முறையில் இயங்கும் இக்கருவிகள், இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தால் வலுவானதை மட்டுமே ஒலிக்கச் செய்யும். அருகில் விலை பேசுபவரின் குரல், பத்து மைலுக்கு அப்பால் மூழ்கிக்கொண்டிருப்பவரின் குரலை முழுவதும் விழுங்கிவிடும். விழுங்கியது விலை பேசுபவருக்கே தெரியாது. எனவே 16இல் அழைத்து, பதில் வந்ததும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் ‘மேடே’ என்று மூன்று முறை, படகின் பெயரை மூன்று முறை, பிறகு இருக்கும் இடம், நேர்ந்த ஆபத்து, வேண்டிய உதவி, ஆட்களின் எண்ணிக்கை என்ற வரிசையில் சொல்ல வேண்டும். இடம் முன்னே வருவதற்குக் காரணம் உண்டு: அடுத்த நொடியில் தண்ணீர் பேட்டரியை மூடினாலும், எங்கே தேடுவது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். பதற்றத்தில் நினைவு தடுமாறும் என்பதால், இந்த வரிசையை எழுதிக் கருவியின் அருகிலேயே ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.

முறை தவறியதன் விலைக்கு 1912 ஏப்ரல் 14 இரவை நினைக்கிறேன். பனிக்கட்டிகளிடையே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பலின் தந்தியாளர், அச்செய்தியைக் கப்பல் தலைவருக்குரிய முறையான எச்சரிக்கையாக அனுப்பாமல், தோழனிடம் பேசுவதுபோல டைட்டானிக்குக்கு அனுப்பினார். பயணிகளின் தந்திகளில் மூழ்கியிருந்த டைட்டானிக்கின் தந்தியாளர் ‘குறுக்கிடாதே’ என்று அதட்டினார். சற்று நேரத்தில் கலிஃபோர்னியனின் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். டைட்டானிக் உதவி கேட்டு அழைத்தபோது அந்தக் கப்பலில் கேட்க ஆளில்லை.

கேள்வி: அழுத்தினால் தானாகவே ஆபத்து அழைப்பு அனுப்பும், வயர்லெஸ் கருவியின் சிவப்பு அபாயப் பொத்தானைப் பையன் தவறுதலாக அழுத்திவிட்டால் என்ன செய்வது? (அதே வாசகர்)

பதில்: பயந்துபோய்க் கருவியை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. கருவியில் அந்த அழைப்பை ரத்து செய்த பின், 16ஆம் சேனலில் படகின் பெயரையும் இருக்கும் இடத்தையும் கூறி, அழைப்பு தவறுதலாகப் போனது, உதவி தேவையில்லை என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். இல்லையேல் உங்களைத் தேடி மீட்புக் கப்பல் புறப்பட்டுவிடும்.