ஆளத் தெரியாதவர்கள் என்று யார் சொன்னது?

கேள்வி: 1378-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் கலகம் செய்த சியோம்பிகள் என்ற கம்பளித் தொழிலாளிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள். ஆறு வாரம்கூட நிற்காத ஆட்சி அது. தலைவனே கடைசியில் தன் ஆட்கள் மீது வாளை வீசினான். கம்பளி அடிக்கும் கூலிகளுக்கு ஆளத் தெரியவில்லை என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, அந்தப் பக்கத்திலேயே வீட்டில் செய்து பார்க்க அட்டை நெசவு, துளையிட்ட அட்டைகளில் நூல் கோத்துச் சுற்றி நாடா நெய்வது! செய்து பார்த்தேன். ஒரு முழம் போவதற்குள் நூல் முறுக்கிக்கொண்டு அட்டை நகரவே இல்லை. இதற்கெல்லாம் இவ்வளவு இடமா?

பதில்: அட்டை விஷயம் சுலபம், கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த 'ஆளத் தெரியவில்லை'.

சியோம்பிகள் ஆட்சிக்கு வந்ததும் என்ன கேட்டார்கள் என்று பார்த்தீர்களா? 1378-ல் அவர்கள் நீட்டிய கோரிக்கைகளில் பழிவாங்கும் பட்டியலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மற்றவற்றையும் படியுங்கள். 50 ஃப்ளோரினுக்கு (அந்நகரத்தின் தங்கக் காசு) குறைவான கடனுக்காக ஏழைகள் மீது இரண்டு ஆண்டுகளுக்கு வழக்குப் போடக் கூடாது. குடிமக்களிடம் கட்டாயக் கடன் வாங்குவதை அரசு நிறுத்த வேண்டும். அரசுக்குக் கடன் கொடுத்த செல்வந்தர்களுக்கு வட்டி கிடையாது, அசலை மட்டும் 12 ஆண்டுகளில் திருப்பித் தரலாம். கம்பளி முதலாளிகள் மாதம் 2000 துணியாவது நெய்விக்க வேண்டும், இல்லையென்றால் தொழிலாளிக்கு வேலை ஏது? நகரத்தின் கடன், வரி, உற்பத்தி மூன்றும் எங்கே முடிச்சுப் போட்டிருக்கின்றன என்று தெரிந்தவர்கள் மட்டுமே இப்படிக் கேட்க முடியும். வட்டி போய்ச் சேரும் வீடு எது, அதற்கான வரி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அப்புறம், இவர்கள் யார்? ஃபிளாரன்ஸின் செல்வமே கம்பளித் துணிதான். 1338 வாக்கில் 30,000 பேருக்கு மேல் அந்தத் தொழிலை நம்பிப் பிழைத்தார்கள் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கம்பளியைக் கழுவி, அடித்து, சிக்கெடுத்து, சீவிக் கொடுத்தவர்கள் கம்பளி கில்டின், அதாவது கம்பளி முதலாளிகளின் தொழில் சங்கத்தின், அதிகாரத்துக்குக் கீழே இருந்தார்கள்; உறுப்பினர்களாக இல்லை. தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொள்ளத் தடை. அவர்களைத் தண்டிக்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரியை கில்டே நியமித்தது. கில்டில் இல்லாதவனுக்கு நகர ஆட்சியில் பதவி கிடையாது. ஆக, ஆளும் வாசலை நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே வந்தவனுக்கு ஆறு வாரத்தில் பரீட்சை வைத்துத் தோல்வி என்று முத்திரை குத்துகிறோம்.

தலைவன் என்று நீங்கள் ஒரே ஒருவரைத்தான் எண்ணுகிறீர்கள். 1345-ல் கம்பளி சீவும் சியூட்டோ பிராந்தினி, சக தொழிலாளிகளைக் கூட்டி ஓர் அமைப்புக்காகப் பணம் திரட்டினார். ஓர் இரவில் அவரையும் இரண்டு மகன்களையும் பிடித்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள், ஆனாலும் தூக்கிலிட்டார்கள். 1378 கலகத்துக்கு முந்தைய நாள் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானவர் சிமோன்சினோ. அரண்மனைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அதை அறிந்து வெளியே வந்து கத்த, ஒரு தேவாலயத்திலிருந்து இன்னொன்றாக மணிகள் ஒலிக்கத் தொடங்கின. இவர்களை விட்டுவிட்டு, நீங்கள் சொல்லும் தலைவன் மிக்கேலே தி லாண்டோவை மட்டும் வைத்துக் கலகத்தை அளக்க முடியாது.

மிக்கேலே விஷயத்தில் எனக்குத் தெளிவான அபிப்பிராயம் உண்டு. ஜூலை 22 அன்று, காலில் செருப்புகூட இல்லாமல் கொடியோடு அரண்மனைக்குள் போனவரைக் கூட்டம் நகரத் தலைவராக அறிவித்தது. புதிதாக மூன்று கில்டுகள் பிறந்தன: சாயக்காரர்களுக்கு ஒன்று, சட்டை தைப்போருக்கு ஒன்று, சியோம்பிகளுக்கு ஒன்று. நகர மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஆனால் முதலாளிகள் பட்டறைகளைத் திறக்கவில்லை. வேலை இல்லை, கூலி இல்லை. ஆகஸ்ட் கடைசியில் பசியோடிருந்தவர்கள் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் கூடித் தங்களுக்கென்று எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் அனுப்பிய தூதர்கள் மீதுதான் மிக்கேலே வாளை வீசினார். ஆகஸ்ட் 31 அன்று சதுக்கத்தில் மற்ற கில்டுகள் எல்லாம் சேர்ந்து சியோம்பிகளை அடித்து விரட்டின. புதிதாகப் பிறந்த மற்ற இரண்டு கில்டுகளும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. கலகத்தைத் தோற்கடித்தது பூட்டிய பட்டறையும் இந்தக் கைவிடலும்தான். ஒருவருடைய குணம் மட்டும் அல்ல.

பிற்கால ஃபிளாரன்ஸ் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி மிக்கேலேயைப் புகழ்ந்திருக்கிறார். எதற்காக? கூட்டத்தை அடக்கியதற்காக. அந்தப் புகழ்ச்சியை நான் ஏற்கவில்லை. 1382-ல் பழைய பணக்காரர்கள் திரும்பி வந்தபோது மிச்சமிருந்த இரண்டு கில்டுகளையும் கலைத்தார்கள், மிக்கேலேயையும் நாடு கடத்தினார்கள். அவர்களுக்குச் செய்த உதவிக்குக் கிடைத்த நன்றி அவ்வளவுதான்.

சரி, அட்டைக்கு வருவோம். அதைப் பக்கத்தில் போட்டது வேண்டுமென்றேதான். 'கம்பளி அடிக்கும் கூலி' என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். நூலை ஒரு மாலை முழுக்கக் கையில் வைத்திருந்தவர் அப்படி எழுதத் தயங்குவார் என்று நம்பினேன், இன்னும் நம்புகிறேன்.

உங்களுக்கு நேர்ந்தது உங்கள் கைக் குற்றமே இல்லை. ஓர் அட்டைக்கு நான்கு துளை, நான்கு நூல். கால் சுற்றுக்கு ஒருமுறை நூல்களுக்கு நடுவே இடைவெளி திறக்கும், அதில் ஊடை (குறுக்கு நூல்) போகும். அப்படிச் சுற்றும்போது அந்த நான்கு நூலும் முன்பக்கம் கயிறாக முறுக்கி நாடாவாகிறது. பின்பக்கம் நூலின் முனை கட்டியிருப்பதால், அங்கே அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் சேர்ந்துகொண்டே போகும். ஒரே திசையில் சுற்றினால் அட்டை நின்றுதான் ஆக வேண்டும். எத்தனை முறை முன்னால் சுற்றினீர்களோ அத்தனை முறை பின்னால் சுற்றுங்கள். முறுக்கு அவிழும், கோலமும் அந்த இடத்தில் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பும். திரும்புவது பிடிக்கவில்லையா, பின்முனையை அவிழ்த்து முறுக்கைச் சீவி எடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். நாடா ஓரம் உள்ளே ஒடுங்கினால் ஊடையை அதிகம் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நார்வேயில் ஓசெபெர்க் என்ற இடத்தில், 834-ல் புதைத்த கப்பலில் 52 அட்டைகளோடு பாதி நெய்த நாடா ஒன்று கிடைத்தது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், எட்டு அட்டை போதும். பழைய சீட்டுக்கட்டைச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் எண் எழுதுங்கள். எழுந்து போகும்போது எல்லா அட்டையையும் சேர்த்து ஒரு நூலால் கட்டி வையுங்கள், இல்லையென்றால் வரிசை குலைந்துவிடும்.