வெண்குறு விண்மீனுக்குள் குவார்க் கரு இருக்க முடியுமா?

கேள்வி: எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் நடுவில் குவார்க் பொருள் (புரோட்டான், நியூட்ரான்களின் உட்துகள்களான குவார்க்குகளால் ஆனது) இருந்தால், சுற்றியுள்ள அணுக்கருக்களை அது விழுங்கிவிடாதா? இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி. 1995-இல் கிளெண்டெனிங், கெட்னர், வெபர் மூவரும் இந்த அமைப்பைக் கணக்கிட்டார்கள். ஸ்ட்ரேஞ்ச் என்ற வகைக் குவார்க்கும் கலந்த குவார்க் பொருளே மிக நிலையானது என்ற ஊகம்தான் அதன் அடித்தளம். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

விழுங்காமல் காப்பது மின்புலம். குவார்க் கருவின் விளிம்பில் எலெக்ட்ரான்கள் சில நூறு ஃபெம்டோமீட்டர் (அணுக்கரு அளவிலான நீள அலகு) வெளியே பிதுங்கி நிற்கும். அங்கே சென்டிமீட்டருக்குச் சுமார் 10¹⁷ வோல்ட் புலம்! நேர்மின் அணுக்கருக்கள் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லையே, அது தாராளமாக நுழைந்துவிடும். ஆகவே கருவைச் சுற்றியுள்ள சாதாரணப் பொருளாலான மேலோட்டின் அடியில் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 4 லட்சம் டன்னைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அணுக்கருக்களிலிருந்து நியூட்ரான்கள் கசிந்து கருவுக்குள் கரைந்துவிடும். சாதாரண வெண்குறு விண்மீனின் மையத்தில் இதில் ஒரு சிறு பங்கு அடர்த்திதான்.

அடையாளம், நிறைக்குப் பொருந்தாத சிறிய ஆரம். கையா விண்கலம் அளந்த தூரத்தோடு ஒளியளவையும் வெப்பநிலையையும் சேர்த்தால் ஆரம் கிடைக்கும். ஈர்ப்புச் செம்பெயர்ச்சி (ஈர்ப்பால் ஒளி சிவப்பு நோக்கி நகர்வது), நிறைக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைத் தரும். சிரியஸ் பி என்ற வெண்குறு விண்மீனில் அந்தப் பெயர்ச்சி நொடிக்கு 80 கி.மீ. அளவு. ஆனால் இரும்புக் கருவும் ஆரத்தைச் சுருக்கும். மேலே ஹைட்ரஜன் படலம் மெலிந்திருந்தாலும் ஆரம் குறையும். அவசரப்பட்டால் இங்கேதான் சறுக்கும்.

இன்னொரு சிக்கல்: 2017-இல் வந்த மறுகணக்கு, இவை அதிர்வில் நிலைகுலையும் என்றது. எல்லையில் அணுப்பொருள் குவார்க்காக மாறாது எனக் கொண்டால் நிலைத்திருக்கும் என்பது எதிர்வாதம். என் பார்வையில் இரண்டாவதே வலுவானது. அந்த மின்புலம் செய்வதே அதைத்தான்.