ஐந்து மணி அலாரமும் பதினொன்றரை மணி மருந்தும்

கேள்வி: வயது 43. அலுவலகம் போகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு இரவு பதினொன்றரைக்கு மருந்து கொடுக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி போகவும், கணக்கியல் தேர்வுக்குப் படிக்கவும் இந்த ஆண்டில் நான்கு முறை தொடங்கினேன். ஒருமுறைகூடப் பத்து நாளைத் தாண்டவில்லை. என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. "முதலில் உன் நிலைமையை ஏற்றுக்கொள்" என்கிறாள் தோழி. ஏற்றுக்கொண்டால் இப்படியே இருந்துவிட மாட்டேனா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. "விதியே என்று கிட" என்பதைத்தான் பல பேர் "ஏற்றுக்கொள்" என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். ஆனால் நிலைமையை ஏற்பதற்கு அது உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டியதில்லை. "இன்றைக்கு இதுதான் நிஜம்" என்று ஒப்புக்கொண்டால் போதும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களையே கூட்டிப் பாருங்கள். 11:30-க்கு மருந்து. அப்பாவைச் சரியாகப் படுக்க வைத்து, விளக்கை அணைத்து, நீங்கள் கண்ணயர எப்படியும் 12 ஆகும். ஐந்து மணிக்கு அலாரம் என்றால் 5 மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். தினமும் 2 மணி நேரம் கடன் விழுந்தால் பத்தாம் நாள் 20 மணி நேரம். அன்று அலாரத்தை அணைத்த கையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள், உடம்பு கடனைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. இரவில் யாருக்கும் மருந்து கொடுக்க வேண்டியிராத ஒரு பெண்ணுக்காகத்தான் நான்கு முறையும் திட்டம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் உங்கள் வீட்டில் இல்லை.

ஆர்னால்ட் பெய்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970-இல் இதைப் பற்றி எழுதினார். நல்ல டென்னிஸ் ஆட்டக்காரராக இருந்தவர், இளம் வயதிலேயே போலியோவால் உடல் செயலிழந்தவர். வேறொருவராக ஆக முயலும்போது மாற்றம் வருவதில்லை, இருக்கிறபடி இருக்கத் தொடங்கும்போதுதான் வருகிறது என்பது அவர் கருத்து. கேட்க முரணாக இருந்தாலும் காரணம் எளிமையானது. தன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவருக்கு எதிரே இருப்பதைப் பார்க்க நேரம் இருக்காது.

எனவே ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் மூன்றே விஷயங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், மாலை ஆறு முதல் தூங்கும் வரை அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்துகொண்டிருந்தீர்கள். "செவ்வாய். 10:00 - 11:30, மருந்து நேரத்துக்காகக் காத்திருந்தேன், போன் பார்த்தேன்." இப்படி எழுதினால் போதும். "மறுபடியும் வீணடித்தேன்" என்று எழுதினால் அது தீர்ப்பு. அதை அடித்துவிட்டு நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

இதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். நோட்டைப் பார்த்து வெட்கப்பட்டு இரண்டாம் நாளே திருந்தத் தொடங்குவது ஒன்று. அப்போது கிடைப்பது உங்கள் வழக்கமான வாரம் ஆகாது. மொத்தத்தையும் வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதுவது மற்றொன்று. ஞாபகம் நம்மை நல்லவராகவோ மோசமானவராகவோ காட்டும், சரியாக மட்டும் காட்டாது.

ஏழாம் நாள் நோட்டை எடுத்து, நகர்த்த முடியாததற்குக் கீழே கோடு போடுங்கள். ஆனால் கேட்டுப் பார்க்காமல் எதற்கும் கோடு போட்டுவிடாதீர்கள். மருந்தைப் பத்து மணிக்கே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் வேறு யாராவது கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் "முடியாது" என்றால், ஐந்து மணிக்கு எழுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இந்த இடத்தில் வலிக்கும், அழுகைகூட வரலாம். பரவாயில்லை.

மிச்சம் இருப்பதைப் பாருங்கள். மருந்துக்காக எப்படியும் விழித்துத்தான் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் 20 நிமிடம், 10:15 முதல் 10:35 வரை, படிப்புக்கு. புத்தகம் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நடையை மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள், 10 நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். படிப்பு மூன்று வாரம் ஓடிய பிறகு நடை.

இது பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று எல்லோரும் சொல்வதை நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறியதால் பழக்கம் பெரிதாகக் கெடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். கெடுப்பது அதற்கு அடுத்து வரும் "போச்சு, எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தான். தவறிய நாளில் நோட்டில் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: "அப்பாவுக்குக் காய்ச்சல், படிக்கவில்லை." மறுநாள் அதே 20 நிமிடம். ஈடுகட்ட 40 ஆக்காதீர்கள்.

வெறுப்பும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தால், எதிலும் ஆர்வம் இல்லாமல் போனால், நோட்டு போதாது. மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் அந்த நிலைமையை ஏற்கச் சொல்லி யாரும் உங்களிடம் சொல்லக் கூடாது.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். வாரம் ஆறு நாள் 20 நிமிடம் என்றால் 2 மணி நேரம், ஆறு மாதத்தில் சுமார் 52 மணி நேரம். பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குள் எத்தனை தாள் முடியும் என்று பென்சிலால் குறியுங்கள். தாள் தாளாக எழுத அனுமதி உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.